படகின் அடிப்புறத்திற்கு ஒட்டுயிர் தடுப்பு வர்ணம்

கடல் நீரில் கிடக்கும் எந்தப் பொருளும் நெடுநாள் வெறுமையாக இருப்பதில்லை. புதிய பலகையொன்றை நீரில் இறக்கிய சில மணி நேரத்திற்குள்ளாகவே நுண்ணுயிர்கள் அதன்மீது வழுவழுப்பான படலமாகப் படியத் தொடங்குகின்றன. அதனைத் தொடர்ந்து பாசியும், குழாய்ப் புழுக்களும், சிப்பிகளும், கொட்டலசு எனப்படும் பார்னக்கிள்களும் வந்து குடியேறுகின்றன. படகின் அடிப்புறம் இவ்வாறு சொரசொரப்பாகிவிட்டால் நீரின் தடை மிகுகிறது. பழைய வேகத்தில் செல்வதற்குக் கூடுதலான டீசல் செலவாகிறது. கடலுக்குச் சென்று திரும்பியவுடன் மணலில் ஏற்றி உலர்த்தப்படும் கட்டுமரத்திற்கு இத்தொல்லை அநேகமாக இல்லை. துறைமுகத்திலேயே மிதந்து நிற்கும் இயந்திரப் படகுகளுக்கே ஒட்டுயிர் தடுப்பு வர்ணம் இன்றியமையாததாகிறது.

கொட்டலசு, நண்டும் இறாலும் சேர்ந்த இனத்தது என்று கேட்டால் மாணவர் வியப்படைவர். அதன் இளம் உயிரி நீரில் மிதந்து வளர்ந்து, இறுதிப் பருவத்தில் உணவு கொள்வதையே நிறுத்திவிட்டுத் தங்குமிடம் தேடுகிறது. உணர்கொம்புகளால் பரப்பைத் தடவிப் பார்த்து, இடம் ஏற்றதாயின் பசையொன்றைச் சுரந்து தலைப்புறமாக ஒட்டிக்கொள்கிறது. பின்னர் அவ்விடத்தை விட்டு அகலுவதில்லை. ஒட்டிய பின் அதனைக் கொன்றாலும் ஓடு படகிலேயே தங்கிவிடும். ஆகவே, அந்த இளம் உயிரி இடம் தேடும் சிறு பொழுதில் அதனைத் தடுப்பதே வர்ணத்தின் வேலையாகும்.

இதற்குச் செம்பு உதவும் என்பது பழைய அனுபவம். 1761-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் கடற்படையின் 'அலார்ம்' என்னும் கப்பலின் அடிப்புறம் சோதனையாகச் செப்புத் தகட்டால் போர்த்தப்பட்டது. ஒட்டுயிர்கள் குறைந்தன; ஆயினும் செம்பைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பு ஆணிகள் அரிக்கப்பட்டுப் போயின. பிற்காலத்தில், செப்புத் தகடுகளே கடல் நீரில் தேய்வதைத் தடுக்க முற்பட்ட சர் ஹம்ப்ரி டேவி, 1824-இல் செம்புடன் இரும்பு, துத்தநாகத் துண்டுகளை இணைத்துச் சோதித்தார். செம்பு காப்பாற்றப்பட்டது. ஆனால் அக்கப்பல்களின் அடியில் கொட்டலசுகளும் பாசியும் அடர்ந்து வளர்ந்தன. செம்பு கரைந்துகொண்டிருந்தமையாலேயே கப்பல் தூய்மையாக இருந்தது என்பது இதனால் விளங்கியது.

இன்றைய வர்ணங்களுள் பெரும்பாலானவை இதே தத்துவத்தில் இயங்குகின்றன. குப்ரஸ் ஆக்ஸைடு என்னும் செந்நிறச் செப்புச் சேர்மம் அவற்றில் கலந்திருக்கிறது. சதுர சென்டிமீட்டர் ஒன்றுக்கு நாள்தோறும் சுமார் 10 மைக்ரோகிராம் செம்பு கரைந்தால் கொட்டலசு அணுகாது என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் கணக்கு.

நஞ்சு எவ்வளவு கடுமையோ அவ்வளவு நன்று என எண்ணுதல் தவறு. டிரைபியூட்டைல் டின் என்னும் வெள்ளீயச் சேர்மம் கலந்த வர்ணங்கள் ஒட்டுயிர்களை மிகத் திறமையாகத் தடுத்தன. ஆனால் 1970-களின் பிற்பகுதியில் பிரான்ஸ் நாட்டின் ஆர்க்கஷோன் விரிகுடாவில் வளர்ப்புச் சிப்பிகளின் இனப்பெருக்கம் குன்றியது, ஓடுகள் உருக்குலைந்தன. 1982-இல் அந்நாடு சிறு படகுகளில் இவ்வர்ணத்தைத் தடுத்தது. 2001-இல் உருவான சர்வதேச உடன்படிக்கை 2008-இல் நடைமுறைக்கு வந்தது. சைபியூட்ரின் என்னும் பொருளும் 2023 முதல் அதே உடன்படிக்கையின்கீழ் விலக்கப்பட்டுள்ளது. பெயர்ச்சீட்டு இல்லாத பழைய டப்பாக்களை மலிவு கருதி வாங்கலாகாது.

படகைக் கரையேற்றியவுடன், ஈரம் காய்வதற்கு முன்பே ஒட்டுயிர்களைச் சுரண்டிவிட வேண்டும். காய்ந்தால் வேலை இரட்டிப்பாகும். கொட்டலசின் வெண்ணிற அடித்தட்டும் எஞ்சலாகாது. நன்னீரால் கழுவியபின் நீர் தொட்டே உப்புத்தாளால் தேய்த்தல் வேண்டும். பழைய வர்ணத்தின் தூசி நஞ்சாதலின், முகமூடியும் கையுறையும் அவசியம். கீழே தார்ப்பாய் விரித்துச் சுரண்டல்களைத் திரட்டிக்கொள்ள வேண்டும். காயலில் தள்ளினால் அவை அங்குள்ள கல்லுமக்காய்களையும் சிப்பிகளையும் சேரும்.

இரும்புப் படகாயின், துருவை நீக்கி, அரிப்புத் தடுப்புப் பூச்சுகளை முழுமையாகக் கொடுத்த பின்னரே செப்பு வர்ணம் பூச வேண்டும். 'அலார்ம்' கப்பலின் ஆணிகளுக்கு நேர்ந்தது தகட்டிற்கும் நேரும். அலுமினியப் படகிற்குச் செப்பு வர்ணம் ஆகாது. மரப்படகில் கலப்பத்து வேலை முடிந்து மரம் உலர்ந்திருத்தல் வேண்டும். குப்ரஸ் ஆக்ஸைடு கனமானது. டப்பாவின் அடியில் தங்கிவிடும். அடிவரை கலக்காமல் பூசுபவர், விலை கொடுத்து வாங்கிய செம்பை டப்பாவிலேயே விட்டுவிடுகிறார். வர்ணம் நெடுந்தூரம் ஓட வேண்டுமென்று தின்னரை மிகுதியாக ஊற்றுவதும் இத்தகைய சிக்கனமே. அணியம், ஏரா, சுக்கானின் விளிம்பு, நீர்மட்டக் கோடு ஆகிய இடங்களில் தேய்மானம் அதிகமாதலால், அங்கு ஒரு பூச்சு கூடுதலாக வேண்டும். தாங்குக் கட்டைகள் மறைத்த இடங்களையும், கட்டைகளை மாற்றிவைத்துப் பூச வேண்டும். துத்தநாகத் துண்டுகள்மீது வர்ணம் படலாகாது. பட்டால் அவை பயனற்றுப் போகும்.

மீன்பிடித் தடைக்காலமே இவ்வேலைக்கு ஏற்ற காலம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை வெயில் துணை செய்கிறது. மேற்குக் கரையில் ஜூன், ஜூலை மாதங்கள் மழைக்காலமாதலின் கூரையின்றி வேலை நடவாது. கொச்சித் துறைமுகத்தில் மழை வெள்ளத்தால் உப்பு குறைந்திருக்கும்வரை கொட்டலசுகளும் குறைந்தே இருக்கும். மழை ஓய்ந்து உப்பு ஏறியதும் அவை பெருகும். அதற்குள் வர்ணம் சீராக அமைந்திருத்தல் வேண்டும். பூசியபின் எத்தனை நாளுக்குள் நீரில் இறக்க வேண்டும் என்று டப்பாவில் குறித்திருப்பார்கள், அதனைத் தவறவிடலாகாது. முதற்பூச்சை ஒரு நிறத்திலும் மேற்பூச்சை வேறு நிறத்திலும் கொடுத்தால், அடுத்த முறை கரையேற்றும்போது எவ்விடத்தில் எவ்வளவு தேய்ந்துள்ளது என்பது கண்ணுக்கே தெரியும்.