பல்லில் பழுப்பு கறையா? போர் தண்ணீரை பாருங்க!
ஒகேனக்கல்:
தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பல பிள்ளைகளுக்கு பல்லில் பழுப்பு கறை. எந்த பேஸ்ட் போட்டாலும் போகாது. காரணம், பாறையில் இருந்து போர் தண்ணீரில் கரையும் புளோரைடு. லிட்டருக்கு 1.5 மில்லி கிராமை தாண்டினால் ஆபத்து. பல வருஷம் குடித்தால் எலும்பையும் பிடிக்கும். வளைந்த முதுகை மருந்தால் நிமிர்த்த முடியாது.

காய்ச்சி குடித்தால் சரியாயிடும் என்பது தப்பு. கிருமிதான் சாகும்; தண்ணீர் சுண்டச்சுண்ட புளோரைடு அடர்த்தி கூடத்தான் செய்யும்.

இதற்காகவே ஜப்பான் கடனுதவியுடன் ரூ.1,928 கோடி ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் திட்டத்துக்கு 2008-ல் அடிக்கல் நாட்டி, 2013-ல் திறந்தார்கள். காவிரி தண்ணீரில் புளோரைடு குறைவு. ஆனால் ஊர் டேங்கில் போர் தண்ணீரையும் சேர்த்து விட்டால் பழைய கதைதான்!

குடிக்க, சோறு பொங்க காவிரி தண்ணீர். துணி துவைக்க, பாத்திரம் கழுவ போர் தண்ணீர். 8 வயசுக்கு உட்பட்ட பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதை கட்டாயம் பார்க்கணும். நிரந்தர பல் உருவாகும் வயசு அதுதான்.