கேஸ் தீர்ந்ததா, வலை அடைத்ததா?

சித்திரை பிறந்ததும் பல இல்லங்களில் எழும் முறையீடு ஒன்றுண்டு: "ஏ.ஸி. ஓடுகிறது, குளிரைத்தான் காணோம்!" மெக்கானிக் வருகிறார். தொட்டுப் பார்த்துவிட்டு, "கேஸ் தீர்ந்துவிட்டது" என்கிறார். நாமும் ஆயிரக்கணக்கில் எண்ணிக் கொடுக்கிறோம்.

அன்பு வாசகர்களே, அந்த வாயு, வண்டிக்கு ஊற்றும் பெட்ரோலைப் போல் எரிந்து தீரும் பொருளன்று. மூடிய குழாய்களுக்குள் மீண்டும் மீண்டும் சுற்றிவருவது. அது குறைந்திருக்குமாயின், எங்கோ கசிகிறது என்றே பொருள். கசிவை அடைக்காமல் வாயுவை நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதாகும்.

எம் வீட்டிலும் இரு கோடைகள் கேஸுக்கென்று பணம் கொடுத்தோம். மூன்றாம் கோடையில் வந்த இளைஞரோ முதல் வேலையாக முன்மூடியைத் திறந்து, உள்ளிருந்த வலையை உருவி எடுத்தார். கம்பளி போர்த்தியது போல் தூசு! அதைக் கழுவி மாட்டியதும் அறை குளிர்ந்தது. எமக்கு வெட்கமாகப் போயிற்று.

வலை அடைத்தால் போதிய காற்று உட்செல்லாது. உள்ளே குளிர்க்குழாய்களின் மேல் பனி உறைந்து, பின்னர் உருகிச் சுவரில் வழியும். மின்கட்டணம் ஏறும். இவற்றை விட வருந்தத்தக்கது மற்றொன்று: தொட்டிலில் உறங்கும் குழந்தையும், இளைப்பு நோயுள்ள உம்மாவும் இரவெல்லாம் சுவாசிப்பது அந்தத் தூசின் ஊடே வரும் காற்றைத்தான்.

பரிகாரம் எளிது. சுவர் சுவிட்சை அணைத்துவிட்டு வலையைக் கழற்றுங்கள். குழாய் நீரில் மென்மையாக அலசி, நிழலில் நன்கு உலர்த்தி மாட்டுங்கள். வெயிலில் வைத்தால் பிளாஸ்டிக் நெளிந்துவிடும். கோடையில் இரு வாரங்களுக்கு ஒருமுறை இதைச் செய்தால் போதும். பதின்வயதுப் பிள்ளைகளிடமே ஒப்படைக்கலாம்.

நீர் வெளியேறும் குழாயில் பாசி அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். வெளியிலுள்ள இயந்திரத்தின் முன் துணி உலர்த்தாதீர்கள். அது வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று அதன் மெல்லிய அலுமினியத் தகடுகளை அரித்துவிடுகிறது. அங்கு வாழ்வோர் ஆண்டுக்கு இருமுறையேனும் தேர்ந்தவரை அழைத்து நன்னீரால் கழுவச் செய்வது நலம். மின்னிணைப்புகள் உள்ள பகுதியாதலால் நாமே நீர் பாய்ச்சுதல் கூடாது.

இந்தியாவில் 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியீடு பெற்ற ஏ.ஸி.க்கள் 24 டிகிரியிலேயே தொடங்குமாறு அமைக்கப்பட்டு வருகின்றன. அதைப் பதினெட்டுக்கு இறக்குவதால் அறை விரைந்து குளிர்ந்துவிடாது; இயந்திரம்தான் ஓயாது உழைக்கும்.

வலை தூய்மையாயிருந்தும் குளிர் குறைந்தால் வாயுவைச் சோதிக்கலாம். இங்கே அலட்சியம் ஆபத்து. இன்று பல இயந்திரங்களிலுள்ள ஆர்-32 தீப்பற்றக்கூடியது. சிலவற்றிலுள்ள ஆர்-290 என்பதோ சமையல் எரிவாயுவிலும் கலந்துள்ள புரொப்பேனேயாகும். எந்த வாயு, எத்தனை கிராம் என்பது இயந்திரத்தின் மீதுள்ள சீட்டில் அச்சிடப்பட்டிருக்கும். வருபவரிடம் அதைக் காட்டி, "தம்பி, கசிவு எங்கே இருக்கிறது, காட்டுங்கள், அடைத்த பின் எடை போட்டு நிரப்புங்கள்" என்று தயங்காமல் கேளுங்கள்.