கூன் முதுகுடைய கர்ப்பிணிகளும் மயக்க மருந்தும்

மூச்சின் அருமையை ஆலந்தலைக் கரையிலுள்ளோர்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. முத்துக்குளிப்பு நடைபெற்ற காலத்தில், கடலடியில் இறங்கியவனுடைய உயிர், தோணியின்மேல் கயிறு பிடித்து நின்றவனுடைய கவனத்தையே நம்பியிருந்தது. ரண சிகிச்சை மேஜையில் படுக்கும் கர்ப்பிணிக்கு அவ்வாறு கயிறு பிடித்து நிற்பவர் மயக்க மருந்து டாக்டர். முதுகெலும்பு வளைந்த ஒரு ஸ்திரீ பிரசவத்துக்கு வரும்போது அந்த டாக்டருடைய பொறுப்பு எத்துணைக் கடினமானதென்பதை நம் ஜனங்களிற் பலர் அறியார். அதனாலேயே இதை எழுதுகிறோம்.

முதுகு வளைவு சிலருக்குப் பிறவியிலேயே உண்டு. சிலருக்கு வளரும் பருவத்தில் தோன்றுகிறது. க்ஷயமும் இளம்பிள்ளை வாதமும் பலருக்கு அதை விளைவித்தன. 2014-ஆம் வருஷத்தில் நம் நாடு இளம்பிள்ளை வாதம் நீங்கிய நாடென்று அறிவிக்கப்பட்டது உண்மையே. ஆயினும், அதற்கு முன் குழந்தைப் பருவத்தில் அந்நோய்க்கு ஆளான பெண்கள் இன்று தாயாகும் வயதில் இருக்கின்றனர். லேசான வளைவுடையோர் பெரும்பாலும் இடரின்றிப் பிரசவிக்கின்றனர். கடுமையான வளைவே கவலைக்குரியது.

அத்தகைய வளைவு மார்புக் கூட்டை நெருக்குவதால் நுரையீரல் விரிய இடம் போதாது. கர்ப்பமோ உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது. நிறைமாதத்தில் தாய்க்குப் பிராணவாயு ஐந்திலொரு பங்கு அதிகமாக வேண்டும். நுரையீரலில் எஞ்சி நிற்கும் காற்றின் இருப்போ ஏறக்குறைய அதே அளவு குறைந்துவிடுகிறது. ஆகவே மூச்சு தடைப்பட்டால் அவகாசம் மிகக் குறைவு.

சிசேரியன் சிகிச்சைக்கு முதுகில் ஊசி போட்டு மரக்கச் செய்வதே பொதுவாக உகந்த முறை. ஆனால் முள்ளெலும்புகள் முறுக்கிக்கொண்டிருந்தால் ஊசி செல்லும் வழி எளிதில் அகப்படாது. அகப்பட்டாலும் மருந்து எதுவரை பரவும் என்று நிச்சயிப்பது கடினம். முழு மயக்கம் கொடுப்பதானால் மூச்சுக் குழலில் டியூபைச் செலுத்த வேண்டும். சிலருக்குக் கழுத்து வளைந்து கொடாது. கர்ப்பத்தினால் தொண்டையும் வீங்கியிருக்கும். இரைப்பையிலுள்ளது மேலேறி நுரையீரலிற் புகவும் கூடும். கர்ட்டிஸ் மெண்டல்சன் என்ற அமெரிக்க டாக்டர் 1946-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 44,016 பிரசவங்களில் 66 பேருக்கு இவ்விபத்து நேர்ந்ததைக் காட்டினார்.

பரிகாரம் இல்லாமற் போகவில்லை. வாயைத் திறந்து நாக்கை நீட்டச் சொல்லித் தொண்டை எவ்வளவு தெரிகிறதென்று பார்த்தே, வரப்போகும் கஷ்டத்தை ஓரளவு முன்னறியலாம். காசு செலவில்லாத இச்சோதனையை 1985-இல் உலகுக்கு விளக்கியவர் நம் நாட்டிற் பிறந்த சேஷகிரி ராவ் மல்லம்பாட்டி. எங்கும் அவர் பெயராலேயே அது வழங்குகிறது. அல்ட்ராசவுண்ட் கருவியால் முதுகின் இடைவெளியைத் தேடிக் காணலாம். நோயாளி விழித்திருக்கையிலேயே தொண்டையை மரக்கச் செய்து, வளையும் மெல்லிய காட்சிக் கருவியின் துணையால் டியூபைச் செலுத்தலாம். ஆனால் இவற்றுக்கெல்லாம் ஆயத்தமும் தேர்ந்த கைகளும் வேண்டும். நள்ளிரவில் வலி கண்டபின் ஓடிவருபவளுக்கு அவை எங்ஙனம் கிட்டும்?

ஆகவே நாம் சர்க்காரைக் கோருவது இதுவே: கிராம நர்ஸ் முதற் பரிசோதனையிலேயே கர்ப்பிணியின் முதுகைப் பார்க்க வேண்டும். கடும் வளைவு காணப்பட்டாலும், முன்பு முதுகில் சிகிச்சை நடந்திருந்தாலும், ஆறாம் மாதத்துக்குள் தூத்துக்குடி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி போன்றதோரிடத்து மயக்க மருந்து டாக்டரிடம் அனுப்ப வேண்டும். எங்கே, எம்முறையில் பிரசவம் என்பதை எழுதித் தாயின் கையிற் கொடுத்துவிட வேண்டும்.

புருஷர்களுக்கும் ஒரு வார்த்தை. மனைவியின் கூனை வெட்கமென்று டாக்டரிடம் மறைப்பது அவள் உயிரைப் பணயம் வைப்பதாகும். கயிறு பிடிப்பவன் யாரென்று தெரியாமல் எவனும் கடலில் இறங்கியதில்லை. நம் தாய்மாரை மட்டும் அவ்வாறு இறக்கிவிடுவது நியாயமா?