கருங்காலி வளர்க்கும் ஆமைகள்

தீவுகளின் வழியே – 9

கப்பல் போர்ட் லூயி துறைமுகத்தில் நின்றதும் பெரும்பாலானவர்கள் கடைவீதிக்குக் கிளம்பினார்கள். நானும் மாமாவும் வாடகைக் கார் பிடித்து, மொரீஷியஸின் தென்கிழக்கு மூலையிலுள்ள மஹேபூருக்குப் போனோம். கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஈல் ஓ ஜெக்ரெத் என்ற குட்டித் தீவு. மொத்தமே 26 ஹெக்டேர்தான். படகை விட்டு இறங்கினால் காலடியில் பவளச் சுண்ணாம்புப் பாறை.

பாதையை அடைத்துக்கொண்டு ஒரு ராட்சத ஆமை படுத்திருந்தது. இந்த இனத்தில் ஆண் ஆமை 250 கிலோ வரை கனக்கும். மாமா, விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் பொம்மைகளுக்கு அச்சு எடுத்தே வயதானவர். குந்தி உட்கார்ந்து ஓட்டின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். “இதை ஒரே அச்சுல எடுக்க முடியாது மாப்ள. கழுத்துகிட்ட உள்வாங்கிப் போகுது பாரு, அச்சு கழண்டு வராது. துண்டு துண்டாத்தான் பிரிக்கணும்” என்றார். வழிகாட்டிப் பெண் அதன் கழுத்தடியை மெல்லச் சொறிந்துவிட்டதும் நான்கு கால்களையும் ஊன்றி எழுந்து, கழுத்தை நீட்டி, அசையாமல் நின்றது.

இது இந்த மண்ணின் ஆமை இல்லை. மொரீஷியஸ், ரீயூனியன், ரொட்ரீக் தீவுகளுக்கென்றே ஐந்து வகை ராட்சத ஆமைகள் இருந்தன. ஐந்தும் அழிந்துவிட்டன. தீனியும் தண்ணீரும் இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும் என்பதே அவற்றுக்கு எமனானது. மாலுமிகள் கப்பலின் அடித்தளத்தில் அவற்றை அடுக்கிவைத்து, வேண்டும்போது அறுத்துத் தின்றார்கள். பிரெஞ்சு ஆளுநர் லபூர்தொனே 1735-ல் வந்து போர்ட் லூயியைக் கட்டி எழுப்பியபோது, புதுச்சேரிப் பக்கத்திலிருந்து நம் கைவினைஞர்களும் அந்த வேலைக்குப் போனார்கள். அதே காலத்தில் அதே துறைமுகத்துக்கு ரொட்ரீக்கிலிருந்து ஆமைகள் ஆயிரக்கணக்கில் இறைச்சிக்காக வந்து இறங்கின.

இந்தியப் பெருங்கடலில் மிஞ்சியது அல்டாப்ரா என்ற தீவின் ஆமை மட்டுமே. அதையாவது காப்பாற்றுங்கள் என்று 1874-ல் டார்வின், ஹூக்கர் உள்ளிட்ட அறிஞர்கள் மொரீஷியஸ் ஆளுநருக்கு மனு எழுதினார்கள். இன்று அல்டாப்ராவில் சுமார் ஒரு லட்சம் ஆமைகள் இருக்கின்றன.

அந்த இனத்து ஆமைகளைத்தான் 2000-ல் இங்கே கொண்டுவந்து விட்டார்கள். காரணம், கருங்காலி. இத்தீவுக் கருங்காலியை விறகுக்காக வெட்டித் தீர்த்திருந்தார்கள். எஞ்சிய மரங்கள் காய்த்தும் பயனில்லை. பெரிய பழம், அதை விழுங்கி வேறிடத்தில் விதைக்க ஆளில்லாமல் தாய்மரத்தடியிலேயே விழுந்து கிடந்தது. இப்போது ஆமை தின்கிறது. வழிகாட்டி காய்ந்த ஆமைச் சாணத்தைக் குச்சியால் பிளந்து காட்டினார். நார்நாராக இருந்த புல்லுக்குள் பழுப்பு விதைகள். ஆமையின் குடல் வழியே வந்த விதைகள் நன்றாக முளைப்பதை 2011-ல் வெளியான ஆய்வு உறுதி செய்தது. மரமே இல்லாதிருந்த இடங்களில் கருங்காலிக் கன்றுகள் கூட்டமாக நிற்பதைப் பார்த்தோம். அழிந்த இனத்தை மீட்க முடியாது. அது செய்துவந்த வேலையையாவது அதன் உறவினரிடம் ஒப்படைக்கலாம் என்று யோசித்தவர்களை மனதாரக் கும்பிடத் தோன்றியது.

கப்பல்காரர்கள் விற்கும் ஒருநாள் சுற்றுலாக்களில் பட்டிக்குள் அடைத்த ஆமைகளுக்கு இலை ஊட்டிப் படம் எடுக்கலாம். குழந்தைகளுக்கு அது சந்தோஷம்தான். ஆனால் மொரீஷியஸ் போகிறவர்கள் அரை நாள் ஒதுக்கி, முன்பதிவு செய்து, இந்தத் தீவுக்கு வாருங்கள். கட்டணம் இத்தீவைப் பராமரிக்கும் மொரீஷியஸ் வனவிலங்கு அறக்கட்டளைக்குப் போகிறது.