சொட்டும் வியர்வை குளிர்விக்காது

விடிகாலையில் திருவனந்தபுரம் கவடியார் சாலையில் ஓடிப் பாருங்கள். மூன்றாவது கிலோமீட்டரிலேயே பனியனைப் பிழியலாம். நன்றாக வியர்க்கிறதே என்று மகிழ வேண்டாம். தரையில் சொட்டும் வியர்வையால் உடலுக்கு ஒரு பயனும் இல்லை. ஆவியாகும் வியர்வைதான் சூட்டைக் கொண்டுபோகும்.

60 கிலோ எடையுள்ளவர் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் 600 கிலோ கலோரி செலவாகும். அதில் முக்கால் பங்கு வெறும் சூடு. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் 580 கிலோ கலோரி வெளியேறும் என்பதால், முக்கால் லிட்டருக்குச் சற்று மேல் ஆவியானாலே போதும். ஆனால் கடலோரக் காற்று ஏற்கெனவே நீராவியைச் சுமந்துகொண்டிருக்கிறது. வியர்வை எளிதில் ஆவியாகாது. சூட்டைத் தணிக்க ரத்தம் தோலுக்குத் திரும்புகிறது, தசைக்குப் பங்கு குறைகிறது, இதயம் படபடக்கிறது. நேற்றைய வேகமே இன்று மலையேற்றமாகிவிடும்.

காலையில் ஈரப்பதம் 90 சதவீதம் என்று பயந்து ஓட்டத்தைப் பகலுக்குத் தள்ளுபவர்களும் உண்டு. அது தவறு. பகலில் அந்தச் சதவீதம் இறங்குவது காற்று சூடாவதால்தான். நீராவியின் அளவு பெரிதாகக் குறைவதில்லை. வெயிலும் சேர்ந்துகொள்ளும். விடியலே சிறந்தது.

வெப்பம் வல்லவர்களையும் விடுவதில்லை. வயநாட்டுக்காரரான ஓ.பி. ஜெய்ஷா 2015இல் பெய்ஜிங் உலகத் தடகளப் போட்டியின் மாரத்தானை 2 மணி 34 நிமிடம் 43 விநாடியில் ஓடி தேசிய சாதனை படைத்தார். மறு ஆண்டு ரியோ ஒலிம்பிக் வெயிலில் 2:47:19 ஆனது. எல்லைக்கோட்டைத் தாண்டியதும் மயங்கி விழுந்தார். 2019இல் தோஹா உலகத் தடகளப் போட்டியில் பெண்கள் மாரத்தானை நள்ளிரவில் வைத்தும், புறப்பட்ட 68 பேரில் 28 பேரால் முடிக்க முடியவில்லை.

ஆகவே, குளிர்நாட்டு அட்டவணையின் வேகத்தை இங்கே துரத்தாதீர்கள். ஓடும்போது ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்பதே நல்ல அளவுகோல். ஊட்டியிலோ பெங்களூரிலோ பயின்றவர் இங்கே பந்தயம் ஓடுவதானால் பத்துப் பதினைந்து நாள் முன்பே வந்து பழகட்டும். அதற்குள் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரம் சுரக்கும், அதில் உப்பும் குறையும்.

ஓடும் முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த ஒரு கிலோ, ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர். எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள், ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும், அதுவும் ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் பரிசோதித்த 488 பேரில் 13 சதவீதத்தினருக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. வியர்வையில் அதிகம் போவதோ சோடியம். நீண்ட ஓட்டத்துக்குப் பின் உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரோ மோரோ குடிப்பதே என் தேர்வு.

ஓட்டத்தின் நடுவே உடல் சிலிர்த்தாலோ தலை சுற்றினாலோ நின்றுவிடுங்கள். பக்கத்தில் ஓடுபவர் தடுமாறிக் குழறினால், பதக்கத்தை மறந்து அவரை நிழலில் கிடத்தி, உடலெங்கும் குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டே 108ஐ அழையுங்கள்.