நிலாவில் அடித்த பந்து ஏன் தூரம் போகவில்லை?

1971 பிப்ரவரி 6. அப்பல்லோ 14 விண்கலத்தில் நிலாவுக்குப் போன ஆலன் ஷெப்பர்ட், மண் அள்ளும் கருவியின் கைப்பிடியில் ஒரு கோல்ஃப் மட்டையின் தலையை மாட்டினார். பூமியிலிருந்து கிளம்பும்போதே அதை ஒரு காலுறைக்குள் ஒளித்து எடுத்து வந்திருந்தார், கூடவே இரண்டு பந்துகளையும். முதலில் வீசியபோது பந்தைவிடப் புழுதிதான் அதிகம் பறந்தது. கடைசியில் ஒரு பந்து ஒழுங்காக மாட்டியது.

நிலாவின் ஈர்ப்பு பூமியின் ஈர்ப்பில் ஆறில் ஒரு பங்குதான். தடுப்பதற்குக் காற்றும் கிடையாது. பந்து எங்கேயோ போயிருக்க வேண்டாமா? பழைய படங்களைக் கணினியில் தெளிவாக்கி 2021இல் அளந்து பார்த்தார்கள். சுமார் 37 மீட்டர்! அதே வகை மட்டையால் பூமியில் ஒரு தேர்ந்த ஆட்டக்காரர் 150 மீட்டருக்கு மேல் அடித்துவிடுவார்.

ஷெப்பர்டின் கையில் பலம் இல்லாமல் இல்லை. காற்றடைத்து விறைத்துப்போன விண்வெளி உடைக்குள் அவரால் உடம்பைத் திருப்ப முடியவில்லை. இரண்டு கைகளையும் சேர்த்து மட்டையைப் பிடிக்கவும் முடியவில்லை. ஒற்றைக் கையால்தான் அடித்தார். கோல்ஃப் பந்தை விரட்டுவது கைதான் என்று நினைக்கிறவர்களுக்கு இந்த ஒரு சம்பவம் போதும்.

வேகம் தொடங்கும் இடம் பாதம். நாம் தரையை மிதித்துத் தள்ளினால் தரை நம்மைத் திருப்பித் தள்ளும். நியூட்டனின் மூன்றாம் விதி இது. வலதுகைக்காரர் ஒருவர் மட்டையைப் பின்னால் தூக்கும்போது கவனியுங்கள். தோள்கள் ஏறக்குறைய 90 பாகை திரும்பும். இடுப்பு அதில் பாதிதான் திரும்பும். அதனால் இரண்டுக்கும் நடுவில் உள்ள தசைகள் முறுக்கி இழுபடும். இனிமேல்தான் வேடிக்கை. மட்டை முழுசாகப் பின்னால் போய்ச் சேருவதற்கு முன்பே இடுப்பு முன்பக்கம் திரும்பத் தொடங்கிவிடும்! உடல் எடை இடது காலுக்கு மாறும். அதைத் தொடர்ந்து மார்பு, அப்புறம் கைகள், எல்லாவற்றுக்கும் கடைசியில் மணிக்கட்டு.

ஒவ்வொரு உறுப்பும் தன் உச்ச வேகத்தைத் தொட்டதும் கொஞ்சம் தணியும். அந்த வேகத்தை அடுத்தது வாங்கிக்கொள்ளும். இடுப்பும் மார்பும் கனமானவை. கைகள் அவற்றைவிட லேசு. ‘டிரைவர்’ என்கிற நீளமான மட்டையின் தலையோ சுமார் 200 கிராம்தான். கனமானதிலிருந்து லேசானதற்குக் கைமாறும்போது வேகம் எகிறும். வண்டிக்காரர் சாட்டையைச் சொடுக்கும்போது கை நின்ற பிறகு நுனி சீறுகிறதே, அதே கதைதான். தொழில்முறை ஆண் ஆட்டக்காரர்களின் மட்டைத் தலை மணிக்குச் சுமார் 180 கிலோமீட்டர் வேகத்தில் பந்தைத் தொடும். புதிதாகப் பழகுபவர்கள் அவசரத்தில் கையைத்தான் முதலில் இழுப்பார்கள். வரிசை குலைந்துவிடும், இடுப்பின் பலம் வீணாகும்.

அமெரிக்காவில் ஹெரால்டு எட்ஜர்டன் என்ற பொறியாளர், படபடவென்று மின்னும் விளக்கை வைத்து 1938இல் டென்ஸ்மோர் ஷூட் என்ற ஆட்டக்காரரின் வீச்சைப் படம் பிடித்தார். ஒரே படத்தில் மட்டை விசிறி மாதிரிப் பல இடங்களில் தெரியும். பார்க்கக் கிடைத்தால் மட்டைக்கு மட்டை உள்ள இடைவெளியைப் பாருங்கள். உச்சியில் நெருக்கமாக இருப்பவை பந்தை நெருங்க நெருங்க அகன்றுகொண்டே போகும்.

சரி, ஒருமுறை நன்றாக அடித்தவரால் ஒவ்வொரு முறையும் அப்படியே அடிக்க முடியுமா? அதுதான் கஷ்டம். மட்டை மேலிருந்து பந்துக்கு இறங்கக் கால் விநாடி போல்தான் ஆகிறது. கண்ணால் பார்த்து, மூளை முடிவெடுத்து, கையை அசைக்கவே ஐந்தில் ஒரு விநாடி வேண்டும். நடுவழியில் திருத்த நேரம் இல்லை. மட்டையும் பந்தும் ஒட்டியிருப்பதோ ஆயிரத்தில் அரை விநாடிதான். பந்தில் பட்ட சேதி கையிலிருந்து மூளைக்குப் போவதற்குள் பந்து அரை மீட்டராவது தாண்டியிருக்கும். அடிக்கும் நொடியில் மட்டையின் முகம் 1 பாகை திரும்பியிருந்து, பந்து வளையாமல் போனால்கூட, 200 மீட்டர் தள்ளி அது மூன்றரை மீட்டர் விலகி விழும்.

உயரமும் முக்கியம். பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டர், நடுப்பகுதி தரையிலிருந்து 2 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். அடிக்கும்போது உடம்பு அவ்வளவு எழும்பினாலும் மட்டை பந்தின் தலையைத்தான் தட்டும். உடனே பக்கத்தில் நிற்பவர்கள், “தலையைத் தூக்காதே!” என்பார்கள். பாவம் தலை! பெரும்பாலும் இடுப்பு முன்னால் தள்ளி, முதுகு நிமிர்ந்துவிடுவதுதான் காரணம். இதைத் தவிர்க்கப் பழக, சுவரில் பின்பக்கம் படும்படி நின்று, இடுப்பிலிருந்து முன்னால் சாய்ந்து, மார்பில் கைகளைக் கட்டிக்கொண்டு மெதுவாக இரு பக்கமும் திரும்பிப் பாருங்கள். பின்பக்கம் சுவரை விட்டு நகரக் கூடாது.

இடுப்பு, மார்பு, கை, மணிக்கட்டு என்ற இந்த வரிசை பதிவது தசையில் இல்லை, சிறுமூளையின் உதவியோடு மூளையில். தப்பாகப் பழகினால் தப்பும் பதியும். அதனால்தான் பயிற்சியாளர்கள் முதலில் மெதுவாக வீசச் சொல்கிறார்கள்.

மட்டை இல்லாமல் ஒரு சோதனை. திறந்த வெளியில் ஆடாத ஸ்டூல் ஒன்றில், பாதம் தரையில் படாமல் உட்கார்ந்து ஒரு ரப்பர் பந்தை எறியுங்கள். பிறகு நின்றுகொண்டு, காலை எடுத்து வைத்து, இடுப்பைத் திருப்பி எறியுங்கள். இரண்டு தூரத்தையும் அளந்து எங்களுக்கு எழுதுங்கள்.