கௌப்பிக்குத் திரும்பும் டிராம்

மனைவியோ கணவரோ ஆஸ்பத்திரியில் படுத்திருக்க, மற்றவர் ஊர் சுற்றிப் பார்த்தார் என்றால் நம் காதுக்கு அது நன்றாகப் படுவதில்லை. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து வாடுவதுதான் பாசம் என்று பழகிவிட்டோம். பின்லாந்தில், ஹெல்சிங்கிக்கு வடக்கே இரண்டு ஏரிகளுக்கு நடுவில் இருக்கும் தம்பெரே நகரத்தைப் பார்த்தால் அந்தப் பழக்கத்தைச் சந்தேகிக்கத் தோன்றும். அங்கே நோயாளிக்கு உடம்பு துடைத்துவிடுவதும் சாப்பாடு கொடுப்பதும் இரவில் கவனிப்பதும் செவிலியர் வேலை. கட்டிலடியில் பாய் விரித்துத் துணைக்குப் படுக்க ஆள் வேண்டியதில்லை. பார்வை நேரம் முடிந்ததும் கூட வந்தவர் கையில் மிஞ்சுவது வெறும் பொழுது, அதுவும் மனம் எதிலும் ஒட்டாத பொழுது. அதை என்ன செய்வது என்பதற்கு ஆஸ்பத்திரியிடம் பதில் இல்லை. ஊர்தான் பதில் சொல்ல வேண்டும். தம்பெரே சொல்கிறது என்பது என் கட்சி.

பல்கலைக்கழக மருத்துவமனை இருக்கும் பகுதிக்குக் கௌப்பி என்று பெயர். 2021 ஆகஸ்டில் டிராம் ஓடத் தொடங்கியபோதே ஒரு தடம் அந்த வளாகத்தில் முடிகிற மாதிரி போடப்பட்டது. ஏறினால் சற்று நேரத்தில் நகரின் நடுவே இறங்கிவிடலாம். அழைப்பு வந்தால் அதே வேகத்தில் திரும்பிவிடலாம். காத்திருப்பவருக்கு முதலில் வேண்டியது இந்தத் தைரியம்தான். எதிர்ப்பக்கம் நடந்தால் காடு, அதைத் தாண்டி நேசியேர்வி ஏரி. யாருடைய காட்டிலும் நடக்கலாம், பெர்ரி பறிக்கலாம் என்பது பின்லாந்தில் எல்லோருக்கும் உள்ள உரிமை. நகரின் நடுவே ஓடும் தம்மர்கோஸ்கி, ஓர் ஏரியிலிருந்து மற்றொன்றுக்கு 18 மீட்டர் இறங்கும் நீர். அந்த வேகத்தை நம்பித்தான் 1820இல் ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் பின்லேசன் இங்கே தொழிற்சாலை வைத்தார். பின்னால் அது பெரும் பஞ்சாலையாக வளர்ந்தது. 1882இல் அதன் நெசவுக்கூடத்தில் மின்விளக்கு எரிந்தது. ஆலைத் தொழிலாளர்களால் வளர்ந்த ஊர் என்பதால் இங்கே பார்க்க வேண்டியவை பெரும்பாலும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன, காசும் அதிகம் கேட்பதில்லை. 1986இல் திறந்த மெட்சோ நூலகம், அந்தப் பெயருள்ள காட்டுப் பறவையின் வடிவத்தில் கட்டியது. வடிவமைத்தவர்கள் ரைலி, ரெய்மா பியெத்திலா. அவர்களும் தம்பதிதான்.

“இதெல்லாம் கவலையை மறக்க ஒரு சாக்கு” என்று யாராவது சொல்லலாம். அப்படிச் சொல்பவர்கள் இந்த ஊரில் 1907இல் கட்டி முடிக்கப்பட்ட பேராலயத்துக்குள் ஒருமுறை போய்விட்டு வர வேண்டும். ஹூகோ சிம்பெர்க் தீட்டிய சுவரோவியத்தில் இரண்டு சிறுவர்கள் இரு கழிகளால் ஆன தூக்குக்கட்டிலில் ஒரு தேவதையைச் சுமந்து போகிறார்கள். தேவதை தலை குனிந்து, விளிம்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறது. கண்ணில் கட்டு, கையில் சில வெள்ளைப் பூக்கள். சிறுவர்களில் ஒருவன் முகத்தைத் திருப்பி நம்மையே பார்க்கிறான். அவன் முகத்தில் சிரிப்பில்லை. இதன் முதல் வடிவத்தை 1903இல், கடுமையான நோயிலிருந்து தேறி வந்த பிறகு சிம்பெர்க் வரைந்தார். அர்த்தம் கேட்டவர்களுக்கு அவர் விளக்கம் தரவில்லை. அதே ஆலயத்தில் இன்னொரு ஓவியம்: கறுப்பு அங்கி போட்ட எலும்புக்கூடுகள் தொட்டிச் செடிகளைப் பரிவோடு பராமரிக்கின்றன. சாவை இப்படித் தோட்டக்காரனாக்கிச் சுவரில் எழுதி வைத்த ஊர், காத்திருப்பவரிடம் எதையும் மறக்கச் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை.

குளிர் என்பது நியாயமான ஆட்சேபம். டிசம்பரின் மிகக் குறுகிய நாட்களில் பகல் ஐந்தரை மணி நேரம்கூட நீடிக்காது. ஏரிக்கரை நடையெல்லாம் ஜூனில்தான் சுகம். ஆனால் குளிருக்கென்றே இந்த ஊரில் சௌனா என்னும் வெப்பக் குளியலறை இருக்கிறது. பிஸ்பலா மேட்டிலுள்ள ராயபோர்த்தி சௌனா 1906 முதல் நடக்கிறது. நாட்டில் இன்றும் இயங்கும் பொதுச் சௌனாக்களில் அதுதான் மூத்தது. சூட்டில் வியர்த்துவிட்டு, துண்டைச் சுற்றிக்கொண்டு முற்றத்தில் ஆறுவார்கள். பேச்சுக் கொடுத்தால் பேசுவார்கள், சும்மா இருந்தால் விட்டுவிடுவார்கள். “இப்ப எப்படி இருக்கு?” என்று நாளுக்கு இருபது பேருக்குப் பதில் சொல்லிச் சலித்தவருக்கு அந்த மௌனமே ஒரு மருந்து. இன்னொரு ஆட்சேபத்தை மட்டும் என்னால் தள்ள முடியவில்லை. கஞ்சியைத் தன் கையால் ஊட்டிவிடுவதில் கிடைக்கும் ஆறுதலைச் செவிலியரிடம் கொடுத்துவிட்டவருக்கு எந்த ஊரும் அதைத் திருப்பித் தராது. நான் சொல்வதெல்லாம், ஊட்ட வேண்டிய வேலை இல்லாத மணிநேரத்தைப் பற்றித்தான்.

அந்த நேரத்தில் பியூனிக்கி மேட்டுக்கும் ஏறலாம். 1929இல் கட்டிய கோபுரத்தின் அடியில் ஒரு காப்பிக்கடை. அங்கே முங்க்கி என்ற சர்க்கரை தூவிய வளையம் பேர்போனது. ஏறக்குறைய நம் வடையின் உருவம், ஆனால் இனிப்பு. சூடாக ஒன்றைத் தின்றுவிட்டு இன்னொன்றைக் காகிதப் பையில் வாங்கிக்கொண்டால், மாலைப் பார்வை நேரத்துக்கு டிராமில் கௌப்பி போய்ச் சேரும்போது பையில் எண்ணெய் படர்ந்திருக்கும். கட்டிலில் இருப்பவர் முதலில் கேட்பது அந்தப் பையைப் பற்றியாகத்தான் இருக்கும்.